வராதவர்களின் பெயரை எழுதியவர்

அன்று வந்தவர்கள்: தாராவி அம்மன் கோயில் பூசாரி. சீத்தா கேம்ப் பள்ளிவாசல் ஆலிம்சா. நான். மலைமேல் இருக்கும் வர்ச்சாபாடா என்ற ஆதிவாசிக் குடியிருப்பிலிருந்து, வீட்டுக்கு ஒருவராக இருபத்தொன்பது பேர். அணைக்கு நிலம் எடுக்கும் அதிகாரிகள் ஆறு பேர். ஒரு வண்டி நிறையப் போலீஸ்.

வராதவர்கள்: செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்த ஒன்பது வீட்டார். பூசாரி பிடிவாதமாக எழுதச் சொன்னதால், ஊர் எல்லையில் மரத்தடியில் இருக்கும் புலிச்சாமி. இவர்கள் எல்லோருக்கும் மேலே, முதல் எண் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து நான் எழுதியது எங்கள் பங்குச் சாமியாரின் பெயர். பெயருக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. அதில் ‘தெரியாது’ என்று எழுதினேன்.

நோட்டு அவருடையது. கூட்டம் எதுவானாலும் வராதவர்களை எழுத வேண்டும், எங்கே போயிருக்கிறார்கள், ஏன் என்றும் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். மும்பைக்குக் குடிதண்ணீர் கொண்டுவர அந்த மலையில் ஓர் அணை கட்டப் போகிறார்கள். வர்ச்சாபாடா தண்ணீருக்குள் போகும். அது பற்றிய பொது விசாரணை அன்று. மூன்று மாதமாக எங்களை அதற்குத் தயார் செய்தவர் அவர். அவர்தான் வரவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ, அங்கேயும் அவரைப் பற்றி யாராவது விசாரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் வேலையை நான் சுலபமாக்க வேண்டாம்.

குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டை, சாம்பல் பேண்ட், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மரச் சிலுவை. மழைக்காலம் முடிந்த பிறகும் கையில் குடை இருக்கும். குடைத்துணிக்குள் அந்த நீள நோட்டைச் சுருட்டிச் செருகியிருப்பார். அவர் கையில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். பிறகுதான் முன்பக்கம். கல்யாணப் பத்திரிகை, மின்சார பில், ஆயர் இல்லத்திலிருந்து வரும் சுற்றறிக்கை, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான்.

ஒரு கல்யாணத்தில் பெண் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தாள். “பொறும்மா” என்று பேனாவை வாங்கி, அந்தப் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடங்களில் குறுக்கே கோடு இழுக்க ஆரம்பித்தார். மேலே ஒன்று, ஓரத்தில் ஒன்று, அடியில் நீளமாக ஒன்று. ஸ்கேல் வேறு கேட்டார். வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி வியர்த்து நின்றான். பெண்ணின் தாய்மாமன் விக்ரோலியிலிருந்து வந்தவர். அவரால் பொறுக்க முடியவில்லை.

“சாமி, இது கல்யாணமா, கடன் பத்திரமா?”

“கடன் பத்திரம்னா அடைச்சுட்டுத் திருப்பி வாங்கிக்கிடலாம்லா” என்றார் சாமி, நிமிராமல்.

கோயில் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை இவ்வளவு சந்தேகப்படுகிறவர் தன் மனசில் என்ன வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. செம்பூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் வேலை. பங்குப் பேரவைக்குச் செயலாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா தோல் பட்டறையில் பை தைக்கிறவர். பேங்கில் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்திவிட்டு, அந்த நீல விரலைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். முதல் முறை பேங்கில் பேனாவைப் பிடித்துப் போட்டுவிட்டு வந்த அன்று, பட்டறைக்குப் போகாமல் குளித்து முழுகிச் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவனை ஒருவரும் ஏமாற்ற முடியாது என்று அன்றைக்கு நம்பினேன். நெடுநாள் நம்பினேன்.

தாராவியில் அந்தச் சமயம் நோட்டு வைத்திருக்கிற யாரையும் நாங்கள் நம்புவதில்லை. வீடுகளை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. டேப்லெட்டும் பெயிண்ட் டப்பாவுமாக ஆட்கள் வந்து கதவில் எண் போட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் வரும்போது வீடு பூட்டியிருந்தால் எண் கிடையாது. எண் இல்லாவிட்டால் புது வீடும் கிடையாது என்று பயம். இப்படியிருக்கும்போது ஒரு மனிதர் கூட்டத்துக்குக் கூட்டம் வராதவன் பெயரை எழுதி, எங்கே போனான் என்றும் எழுதி, மறுநாள் அவன் வாசலிலேயே போய் நின்றால் என்ன நினைப்பது?

மாட்டுங்காவில் இட்லி விற்கும் ரோசம்மா அக்கா என்னை நிறுத்திக் கேட்டார்.

“எய்யா, அந்த நோட்டு எங்க போவுது? ஆயருக்கா, சர்வேக்காரனுக்கா? நீ செகரட்டரிதான, கேக்கப்பிடாதா?”

கேட்டேன். வந்தவர்கள் பெயரை எழுதினால் போதாதா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

“வந்தவன் தானே பேசிக்கிடுவான் தம்பி” என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. எதற்கும் அவர் காரணம் சொல்ல மாட்டார். இப்படிச் செய், இப்படிச் செய்யாதே, அவ்வளவுதான். நான் திரும்பிப் போய் ரோசம்மா அக்காவிடம் “மழுப்புதாரு” என்றேன்.

வர்ச்சாபாடா விஷயம் ஒரு கட்டு மாவிலையில் ஆரம்பித்தது. எங்கள் பங்குக் கோயில் திருவிழாத் தோரணத்துக்காக மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். தேக்கிலையும் மாவிலையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நடைபாதையில் விற்கும் ஆதிவாசிப் பெண்கள் அங்கே உண்டு. அதில் ஜனாபாய் என்பவளிடம் இலை வாங்கினார். கழுத்துச் சிலுவையைப் பார்த்ததும் படித்தவர் என்று நினைத்து, அவள் முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு நோட்டீஸை எடுத்துக் காட்டியிருக்கிறாள். ஊரில் கொடுத்தவர்கள் ரோடு வரப் போகிறது என்று சொன்னார்களாம். முன்பக்கத்தில் ரோடுதான் இருந்தது. இவர் வழக்கம்போல் முதலில் பின்பக்கத்தைப் பார்த்தார். தண்ணீரில் முழுகப் போகும் இடங்களின் பட்டியல். ஏழாவது, வர்ச்சாபாடா.

பேரவைக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது முதலில் எழுந்தது ரோசம்மா அக்காதான்.

“சாமி, விடியக்காலம் நாலரைக்குக் கொழாயில தண்ணி வருது, அஞ்சே காலுக்கு நின்னுருது. நாப்பது வீட்டுக்கு அதான். அணை வந்தா ரெண்டு மணி நேரம் வரும்னு டிவியில சொல்லுதான். எங்க சாமியே போயித் தடுத்தா நாங்க யார்ட்ட போயி அழ?”

“தடுக்கப் போகலம்மா. அவுகளுக்கு நிலத்துக்கு நிலம் குடுத்துட்டுக் கட்டுன்னு கேக்கப் போறேன்.”

“அப்ப உங்களுக்குத் தண்ணி வேணும்?”

“நானும் அந்தக் கொழாயிலதான் குளிக்கேன்.”

“குளிக்கியளா, தெளிச்சிக்கிடுதியளா?”

கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு குடைக்குள்ளிருந்து நோட்டை உருவி, “இன்னைக்கு வராதவுக யாரு?” என்றார். சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் தனியாக மலைக்குப் போனால் மதம் மாற்ற வந்தவர் என்று சொல்லிவிடுவார்கள். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு மாலை அம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். நானும் கூட இருந்தேன். பூசாரி விபூதித் தட்டோடு வெளியே வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன சாமி, கட்சி மாறப் போறீரா?”

“எடம் இருக்கா வே?”

“நிக்க எடம் இருக்கு. உக்கார எடம் எனக்கே கெடையாது.”

சாமி விஷயத்தைச் சொன்னார். பூசாரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “என்ன எதுக்கு வே கூப்பிடுதீரு? என்னயச் சாட்சி வச்சு நீரு அங்க கோயில் கெட்டப் போறீரோ?”

“நான் மட்டும் போனா என்ன சொல்லணும்னு அணைக்காரனுக்குத் தெரியும். நீரும் வந்தா என்ன சொல்லன்னு அவனுக்கே தெரியாது.”

பூசாரிக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. சீத்தா கேம்ப் ஆலிம்சாவை அவரே பேசிக் கூட்டிவந்தார். ஆலிம்சா கேட்டது ஒன்றுதான், தொழுகை நேரத்துக்கு ஜீப்பை நிறுத்த வேண்டும். சயானிலிருந்து லோக்கலில் இரண்டு மணி நேரம், பிறகு ஷேர் ஜீப், பிறகு நடை. விபூதியும் தொப்பியும் சிலுவையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஒரு பயணி, எந்தப் படத்துக்கு ஷூட்டிங் என்று இந்தியில் கேட்டான். “பாட்டு சீன் மட்டும் பாக்கி” என்றார் ஆலிம்சா, முகம் மாறாமல்.

அந்த ரயிலில்தான் சாமி தன்னைப் பற்றி ஒரு முறை பேசினார். அவர் ஊரையும் ஓர் அணை மூழ்கடித்திருக்கும், அந்த வேகம்தான் இது என்று எங்களுக்குள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி நேராகவே கேட்டுவிட்டார்.

“இல்ல வே” என்றார் சாமி. “எங்களுக்கு அணையால நல்லதுதான். அது வந்த பெறவுதான் எங்க ஊர்ல ரெண்டு போகம். அந்த நெல்லு வித்துத்தான் என்னயப் படிக்க வச்சாவ. மேல மலையில ஆளுக இருந்தாவளாம். அவுக பேரு எங்கூர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. எங்கப்பாட்ட கேட்டேன். யாரோ இருந்தாவன்னாரு.”

அதைக் கேட்டு ஆலிம்சா அவர் தோளைத் தொட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நன்றாகப் பேசுகிறவர்களை நம்பக் கூடாது என்று அப்போது ஓர் எண்ணம் எனக்கு.

வர்ச்சாபாடாவில் மொத்தம் முப்பத்தெட்டு வீடுகள். ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். எல்லையில் செந்தூரம் பூசிய புலிச்சாமிக்குப் பூசாரி தேங்காய் உடைப்பார். சாமி வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் யார் எந்தச் சூளைக்குப் போகப் போகிறார்கள் என்று நோட்டில் ஏற்றுவார். மாநகராட்சிப் பள்ளியில் படித்த மராத்தி எனக்குக் கைகொடுத்தது. யாரும் சொல்லாமல் நானாகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். ஆட்களை உட்காரவைத்து அவரவர் பெயரை எழுதக் கற்றுக்கொடுத்தேன். ஜனாபாய் சாணி மெழுகிய தரையில் குச்சியால் எழுதிப் பழகினாள். எழுதி முடித்ததும் உடனே அழிக்க மாட்டாள். கோழி வந்து மிதித்தால் துரத்துவாள்.

சாமி ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“நல்ல காரியம். எங்க போடக் கூடாதுன்னும் சேத்துச் சொல்லிக் குடு” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. விசாரணைக்கு முந்தைய ஞாயிறன்று ஊரைக் கூட்டி வைத்து அதையே உத்தரவாகச் சொன்னார். விசாரணையில் ஒரு தாள் வரும், ஒருவரும் அதில் கை வைக்கக் கூடாது, பேசுவதை வாயால் பேசுங்கள், அதிகாரி கேட்டால் சாமியார் வேண்டாம் என்றார் என்று சொல்லுங்கள். ஏன் என்று நான் கேட்டேன். “சொன்னாச் செய்யணும்” என்றார். திரும்பி வரும்போது ஜீப்பில், வந்தவர்கள் வந்ததற்கு ஓர் அத்தாட்சி கூட இருக்கக் கூடாது என்றால், அது யாருக்கு லாபம் என்று எனக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன்.

விசாரணை அன்று காலை ஏழு மணிக்குச் சயான் ஸ்டேஷனில் சேர வேண்டும். பூசாரியும் ஆலிம்சாவும் நானும் நின்றோம். சாமி வரவில்லை. போன் அணைந்திருந்தது. இரண்டு ரயிலை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினோம். குர்லா தாண்டும்போது அப்பாவின் போன்.

“லே, ஒங்க சாமிய ரோட்டுல பாத்தேன். ஒரு வெள்ள ஜீப்புல போறாரு. முன் சீட்டு. கூட ரெண்டு பேரு, சிரிச்சுப் பேசிட்டுப் போறானுவ.”

அணைக்காரர்கள் மலையில் சுற்றுவது வெள்ளை ஜீப்பில்தான். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. பூசாரியிடம் சொன்னேன். அவர் “முன் சீட்டா?” என்று மட்டும் கேட்டார்.

நோட்டு என்னிடம் இருந்தது. எழுதிவை என்று அதற்கு முந்தைய நாளே கொடுத்திருந்தார். மலையடிவார ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். நோட்டைத் திறக்கவே எனக்கு மனமில்லை. பூசாரிதான் விடவில்லை. “சாமி இல்லன்னா என்னடே, நோட்டு இருக்குல்லா. எழுது. ஒம்பது வீட்டுக்காரனும் எந்தச் சூளையில இருக்கான்னு கேட்டு எழுது. புலிச்சாமியையும் போடு, அவரும்தான வரல.” அப்போதுதான் முதல் எண் போட்டு அந்தப் பெயரை எழுதி, கோபத்தில் இரண்டு கோடு இழுத்தேன்.

பிறகு தாள் வந்தது. கொண்டுவந்த அதிகாரி இளைஞர், மரியாதையாகப் பேசினார். மேலே மராத்தியில் வருகைப் பதிவு என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே நான்கு விரற்கடை இடம் வெறுமையாக விட்டிருந்தது. பிறகு வரிசை எண்கள், முப்பத்தெட்டு. வீட்டுக்கு ஒரு வரி என்று எவ்வளவு ஒழுங்காகத் தயார் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நானும் சும்மா இருக்கவில்லை. சாமியிடம் பழகிய பழக்கத்தில் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

“பாபா கை வைக்கக் கூடாதுன்னாரே” என்றாள் ஜனாபாய், அவள் மராத்தியில். சாமியை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“பாபா எங்க? வந்திருக்காரா பாருங்க” என்றேன். “கையெழுத்து இல்லாட்டி நீங்க வந்ததுக்கே சாட்சி கிடையாது. எழுதத் தெரியும்ல, எழுதுங்க.”

அவள் பேனாவை வாங்கினாள். குச்சி பிடிக்கிற மாதிரி பிடித்தாள். முதல் எழுத்து கட்டத்தைத் தாண்டி வெளியே போனது. மீதியை உள்ளே அடக்கிவிட்டாள். அவள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். பதினொரு பேர் பெயரெழுதினார்கள், பதினெட்டுப் பேர் விரல் வைத்தார்கள். எல்லோரும் எழுந்து நன்றாகப் பேசவும் செய்தார்கள். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சாமி இல்லாமலே முடித்துவிட்டோம் என்று ரயிலில் எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பியவன் பங்குக் கோயில் வளாகத்தில் அவரைப் பார்த்தேன். அதே சட்டை, கசங்கியிருந்தது. நோட்டை நீட்டினேன். வாங்காமல் கேட்டார்.

“தாள்ல கை வச்சாவளா?”

“இருபத்தொன்பது பேரும்” என்றேன். குரலில் கொஞ்சம் திமிர் இருந்திருக்கும்.

“மேல எடம் விட்டிருந்தானா?”

“நாலு விரற்கடை.”

“அடியில?”

“ஒன்பது வரி.”

“கோடு இழுத்தியா?”

அந்தக் கல்யாணப் பதிவேடு அப்போதுதான் என் கண் முன்னால் வந்தது.

அவர் நோட்டை வாங்கி என் பக்கத்தைப் படித்தார். முதல் எண்ணையும் அடியில் இருந்த இரண்டு கோட்டையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ‘தெரியாது’ என்பதை அடித்துவிட்டு மேலே எழுதினார்: ‘போலீஸ் ஜீப், பிறகு ஸ்டேஷன். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை. டீ கொடுத்தார்கள்.’

ஜீப்பில் வந்தவர்கள் மலையடிவாரப் போலீஸ்காரர்கள், சாதா உடுப்பில். ஒரு புகார் இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று மரியாதையாக முன் சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பந்தல் கலைந்த பிறகு போகச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் விட்டிருக்க மாட்டேன் சாமி” என்றேன்.

“சொன்னா நீ யார்ட்ட சொல்லுவன்னு எனக்குத் தெரியாதுல்லா” என்றார். “நம்ம பேரவையில பேசுதது அங்க போய்க்கிட்டிருந்துச்சு. நான் எத்தன மணிக்கு எங்க நிப்பேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. வெறும் எடத்துல கோடு இழுப்போம்னு தெரிஞ்சா வேற வழி பாப்பான்.” நோட்டை மூடிக்கொண்டே, “ஒன்னயும்தான் நெனச்சேன்” என்றார்.

மூன்று மாதம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போய்வந்திருக்கிறோம். நான் அவரை நம்பவில்லை. அவர் என்னை நம்பவில்லை.

அந்த வருகைத் தாளின் நகல் கிடைக்க இரண்டு வாரமாயிற்று. வெறுமையாக இருந்த நான்கு விரற்கடையில் எட்டு வரி டைப் அடித்திருந்தார்கள். கீழே கையொப்பமிட்ட நாங்கள் அணைக்கு முழு மனதோடு சம்மதிக்கிறோம், நிலத்துக்கு நிலம் கேட்க மாட்டோம் என்று. அடியில் மிச்சமிருந்த ஒன்பது வரியிலும் கட்டைவிரல் ரேகைகள் இருந்தன. சூளையில் மண் பிசைந்துகொண்டிருந்தவர்கள் பந்தலுக்கு வந்து விரல் வைத்ததாக.

ஆட்சேபம் கொடுக்க நாள் குறைவாக இருந்தது. நோட்டில் எந்தக் குடும்பம் எந்த ஊர்ச் சூளை என்று இருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் நான்கு பேரும் மூன்று சூளைக்குப் போனோம். வேலையாட்களுக்கு விசாரணை நாளன்று ஆஜர் போட்ட பேரேட்டின் நகலை முதலாளிகள் கொடுக்க மறுத்தார்கள். இரண்டு இடத்தில் ஆலிம்சா பேசி வாங்கினார். மூன்றாவது இடத்தில் பூசாரி, கொடுக்காமல் நகர மாட்டேன் என்று சூளை வாசலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

ஆட்சேபத்தை விசாரித்த அதிகாரி முன்னால் நோட்டின் மராத்தி மொழிபெயர்ப்பை நான்தான் வாசித்தேன். அவர் கடைசிப் பெயரில் நிறுத்தினார். புலிச்சாமி என்பவர் எந்தச் சூளையில் வேலை செய்கிறார் என்று கேட்டார். நான் பூசாரியிடம் திருப்பிச் சொன்னேன்.

“அவுக வேலைக்குப் போறதில்லன்னு சொல்லு” என்றார் பூசாரி. அதிகாரி கூடச் சிரித்தார். ஒன்பது பெயரையும் தாளிலிருந்து நீக்க உத்தரவு போட்டார்.

அடுத்து இருபத்தொன்பது பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, இது உங்கள் கைதானா என்று கேட்டார்கள். ஜனாபாய் தாளைப் பார்த்தாள். கட்டத்துக்கு வெளியே போன எழுத்தின்மேல் விரலை வைத்தாள். இல்லை என்று சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பாள். அது அவள் முதன்முதலாகத் தாளில் எழுதிய பெயர்.

“என் கைதான்” என்றாள்.

“யார் போடச் சொன்னார்கள்?”

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சாமியைப் பார்த்தாள். சாமி குடையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

“நானேதான் போட்டேன்” என்றாள்.

போடச் சொன்னது நான்தான், அப்போது மேலே இடம் வெறுமையாக இருந்தது என்று வாய் திறந்தேன். எழுத்து மூலமாகக் கொடுங்கள் என்றார் அதிகாரி. கொடுத்தேன். கையெழுத்துக்கு மேலேயும் கீழேயும் கோடு இழுத்துத்தான் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை.

பத்து மாதத்தில் சாமிக்கு மாற்றல் வந்தது. நோட்டுத்தான் காரணம் என்றார்கள் சிலர், ஜீப்புத்தான் என்றார்கள் சிலர். வழியனுப்பு விழாவுக்குப் பாதிப் பேர் வரவில்லை. எழுத அவருக்கு முழுப் பக்கம் பிடித்தது. கிளம்புவதற்கு முன்னால் அந்த வீடுகளுக்கெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை போனார். ரோசம்மா அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார், “இப்பமாவது சொல்லும் சாமி, நோட்டு எங்க போவுது?” அவர் நோட்டை விரித்து அக்காவின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார். காரணம் என்ற கட்டத்தில் ‘தண்ணீர் வரும் நேரம்’ என்று இருந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன்.

அவருடைய ரயில் நேரத்தைப் போலீஸுக்குச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நான் அக்காவைச் சந்தேகப்பட்டேன். அக்கா என்னைச் சந்தேகப்பட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். எங்கள் குழாயில் இப்போதும் நாலரைக்குத்தான் தண்ணீர் வருகிறது.

கூட்டத்துக்கு வராத ஒன்பது வீட்டாருக்கும் வேறிடத்தில் நிலம் கொடுத்தார்கள். கல்லும் முள்ளுமான நிலம்தான், ஆனால் பட்டா அவர்கள் பெயரில். வந்த இருபத்தொன்பது வீட்டாருக்கும் பணம்.

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் ஜனாபாயைப் பார்த்தேன். மாவிலை விற்றுக்கொண்டிருந்தாள். இப்போது அது அவள் மலையில் பறித்த இலை இல்லை, தாதரில் மொத்தமாக வாங்கி வந்தது. பாபாவைப் பற்றி விசாரித்தாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். பணம் வாங்கிய கதையைச் சொன்னாள். ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னபோது தாளைத் திருப்பிப் பார்த்தாளாம். வெறுமையாக இருந்த இடத்திலெல்லாம் மேலிருந்து கீழாகக் கோடு இழுத்தாளாம். அதற்குப் பிறகுதான் பெயரெழுதினாளாம். குமாஸ்தா கத்தியிருக்கிறான். எழுத்து இந்தத் தடவை கட்டத்துக்குள்ளேயே இருந்தது என்றாள்.

நிலம் காட்டிலாகாவுடையது, அதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கும், முற்றத்தில் நின்ற இரண்டு இலுப்பை மரத்துக்கும், கிணற்றில் அவளுடைய பங்குக்கும் சேர்த்து அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியது, அறுபத்தொன்பதாயிரத்து இருநூறு ரூபாய்.